தபாலுக்கு ஒரு சாட்சி

ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே மூவரும் சுகம். அப்பாவுக்கு இரண்டு நாள் சளி இருந்தது, போய்விட்டது. உங்கள் முழங்கை வலி எப்படி இருக்கிறது? தொழிற்சாலையில் தையல் மெஷினுக்கு அடியில் படுத்துப் பழுது பார்க்கும்போது கைக்குக் கீழே மடித்த துணி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறேன். எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் தமிழில் நான்தான் முதல். பெருமைக்காகச் சொல்லவில்லை. (கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.)

ஞாயிறு வகுப்பில் இந்த வருஷம் ஆண்டவர் ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற ஆவிக்குரிய வரங்களைப் பற்றிப் படிக்கிறோம்; போதிப்பது, உதவி செய்வது என்று ஒரு பட்டியலே சபைச் சுவரில் தொங்குகிறது. எங்கள் டீச்சர் வாரத்தில் ஆறு நாள் மருந்துக்கடை நடத்துகிறவர் என்று உங்களுக்குத் தெரியும். அவர் ஒரு புது வழி வைத்திருக்கிறார். யாரும் தன் வரத்தைத் தானே சொல்லிக்கொள்ளக் கூடாது, இன்னொருவர்தான் சொல்ல வேண்டும். காலி மருந்துப் பெட்டியில் எல்லார் பெயரையும் சீட்டாகப் போட்டு எடுத்தோம். சீட்டில் வந்தவரை நவம்பர் வரை கவனிக்க வேண்டும். அந்த வரம் வேலை செய்வதை மூன்று தடவை கண்ணால் பார்த்திருக்க வேண்டும், தேதியோடும் இடத்தோடும். அப்புறம் நவம்பர் கடைசி ஞாயிறு சபை முன்னால் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும்; வரம் உள்ளவரும் எழுந்து நிற்பார். மூன்று இல்லாவிட்டால் இருவரும் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான்.

"ஏன் டீச்சர் மூணு?" என்று ஒருவன் கேட்டான்.

"மருந்தை ஏன் மூணு வேளை சாப்பிடறோம்? அதுக்குத்தான்."

எனக்கு யார் வந்தது தெரியுமா? தபால்! என் வயதுதான், வேறு பள்ளி. ஒரு வீட்டுப் பேச்சு ஆறுவதற்குள் அதை அடுத்த வீட்டில் சுடச்சுட இறக்குகிறவள். அதனால்தான் அந்தப் பட்டம். இவளிடம் என்ன வரம் இருக்கும்? சீட்டை மாற்றித் தரும்படி டீச்சரிடம் கேட்டேன். "கொடுத்த மருந்தை வாபஸ் வாங்கறதில்லை" என்று சொல்லிவிட்டார். சீட்டு ரகசியம். ஆனாலும் வாசலைத் தாண்டுவதற்குள் தபால் என் பக்கத்தில் வந்து, "என்னைத்தானே பாக்கப் போறே? நல்லாப் பாத்துக்கோ. உன் சீட்டு யார்கிட்ட இருக்குன்னு சொல்லட்டுமா?" என்றாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

என் வரம் போதிக்கிற வரம் என்று நினைக்கிறேன். ஆனால் அதை நான் சொல்லக் கூடாது.

அம்மாவிடம் உங்களுக்கு ஏதாவது எழுதணுமா என்று கேட்டேன். "நீ எழுதிக்கோ" என்றாள்.

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உங்கள் அண்ணன் மகள்

ஜூன் 30

என் வாத்தியாரம்மாவுக்கு அத்தையின் அன்பும் முத்தமும்.

முழங்கை பரவாயில்லை. நீ சொன்னபடி துணி வைத்துக்கொள்கிறேன். தமிழில் முதல் என்று படித்ததும் உன் கடிதத்தைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் காட்டினேன். அவளுக்கு நம் மொழி தெரியாது. கையெழுத்தைப் பார்த்தே தலையாட்டினாள்.

தொழிற்சாலைக்குப் புது சூப்பர்வைசர் வந்திருக்கிறார். இருநூறு தையல் மெஷின் ஓடுகிற கூடத்தில் நின்றுகொண்டு, "மெக்கானிக் எங்கே, மெக்கானிக் எங்கே" என்று ஆண்களாகப் பார்த்துத் தேடினார். நான் மெஷினுக்கு அடியிலிருந்து, "இங்கதான் சார் இருக்கேன், என் ஸ்பானர் மேலருந்து காலை எடுங்க" என்றேன். இப்போது வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கடக்கிறார்.

தபாலைக் கவனி. எந்த மெஷினையும் ஓடவிட்டுக் கேட்காமல் பழுது என்று எழுதக் கூடாது.

அப்பாவின் சளியை அலட்சியப்படுத்த வேண்டாம் என்று சொல். தண்ணீர் பம்ப் ஹவுஸில் வேலை செய்கிறவருக்கு ஈரம் ஆகாது. பள்ளிக்கூடம் எப்படி, நடந்துதான் போகிறாயா, செருப்பு சரியாக இருக்கிறதா எல்லாம் எழுது.

உன்னைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொள்ளும்,
அத்தை

ஜூலை 14

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் நலத்துக்குத் தினமும் ஜெபிக்கிறேன். செருப்பு சரியாக இருக்கிறது. நடந்துதான் போகிறேன், நடக்கும்போது படிக்கிறேன் என்று அப்பா திட்டுகிறார்.

ஸ்பானர் கதையைச் சாப்பிடும்போது வாசித்தேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் கொஞ்ச நேரம் சாப்பிடாமல் இருந்தாள்.

தபாலைக் கவனித்ததில் வரம் கிடைக்கவில்லை. குற்றம்தான் கிடைத்தது. கேளுங்கள்.

சபையில் கீபோர்டு வாசிக்கிற அண்ணனும் மைக் பார்க்கிற எலெக்ட்ரீஷியன் மாமாவும் போன வருஷத்திலிருந்து பேசிக்கொள்வதில்லை. கீபோர்டின் சத்தத்தை மாமா வேண்டுமென்றே குறைக்கிறார் என்று அண்ணனுக்குக் கோபம். ஜூலை 7, பாடகர் பயிற்சி முடிந்ததும் அவர் எங்கள் முன்னால் பொரிந்து தள்ளினார். "அந்த ஆளுக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? நான் வாசிக்கிறது சுவத்துக்குக்கூடக் கேக்கல. போன ஜென்மத்துல பூட்டுக் கடை வெச்சிருந்திருப்பாரு, எதைப் பாத்தாலும் மூடிடறாரு! ஒயரை மட்டும் அழகா சுத்தி வைக்கிறாரு, அதுல ஒரு சிக்கு பாக்க முடியாது. அதுக்கு என்ன பிரயோஜனம்?"

நான் முழுவதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். தபாலும் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷத்தில் அவள் மாமாவிடம் போய் நின்றாள். நான் பின்னாலேயே போனேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: "மாமா, நீங்க சுத்தி வைக்கிற ஒயர்ல ஒரு சிக்கு பாக்க முடியாதாம். கீபோர்டு அண்ணன் சொன்னாரு."

மாமா கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். "அவனா சொன்னான்?"

"அவரேதான். இவளைக் கேளுங்க, இவளும் இருந்தா."

நான் என்ன செய்வது? சொன்னது உண்மைதான். ஆமாம் என்று தலையாட்டினேன். ஆனால் முக்கால்வாசியை அவள் விழுங்கிவிட்டாளே! பாதி உண்மை பொய்யில் சேர்த்தி இல்லையா? நான் நோட்டில் "வரம்" என்ற பக்கத்தில் எழுதாமல் "குற்றம்" என்று ஒரு பக்கம் தொடங்கி அதில் எழுதியிருக்கிறேன். டீச்சரிடம் கேட்டேன். "உன் நோட்டு, நீதான் முடிவு பண்ணணும்" என்கிறார்.

நான் எழுதினால் ஒரு சொல் விட மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியுமே.

பதிலை எதிர்பார்த்துத் தபால்காரரைத் தொந்தரவு செய்யும்,
உங்கள் அண்ணன் மகள்

ஆகஸ்ட் 4

வாத்தியாரம்மாவுக்கு அன்பு.

நலமாக இருக்கிறேன். வேலை அதிகம், அதனால் சிறிய கடிதம்.

ஆம், கேட்டதைக் கேட்டபடி எழுதுவதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தபால் விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயிறு அந்தக் கீபோர்டு கேட்டதா இல்லையா, அதை மட்டும் எழுது.

அண்ணனுக்கு என் அன்பு. நன்றாகப் படி.

அத்தை

ஆகஸ்ட் 18

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் சின்னதாக இருந்ததால் உடம்புக்கு ஏதோ என்று பயந்துவிட்டேன். இங்கே எல்லாரும் சுகம்.

கேட்டது, அத்தை! சபையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டது. இப்போது மாமா பாட்டு தொடங்கும் முன் கீபோர்டு அண்ணனைப் பார்க்கிறார், அண்ணன் தலையை அசைக்கிறார், மாமா குமிழைத் திருப்புகிறார்.

இரண்டாவது, ஆகஸ்ட் 3, ரொட்டிக்கடை. சபை ஆண்டு விழாவுக்கு அந்தக் கடைக்கார ஆன்ட்டி கொடுத்த கேக் காய்ந்துபோய் இருந்ததாம், யாரோ முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஆன்ட்டி சபைக்கு வரவில்லை. தபால் ரொட்டி வாங்கப் போனாள், நானும் நோட்டோடு போனேன். பலர் பலவிதமாகப் பேசியது தபாலுக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். அவள் சொன்னது ஒன்றுதான். "ஆன்ட்டி, போதகர் வீட்டுக் குட்டிப் பொண்ணு உங்க கேக்கை ரெண்டு துண்டு பாவாடையில ஒளிச்சு வெச்சுக்கிட்டுப் போனா. எறும்பு வந்துதான் மாட்டிக்கிட்டா." இதுவும் உண்மை, நானே பார்த்தேன். ஆன்ட்டி கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் ஞாயிறு, கடைசி வரிசையில் இருந்தார்.

வெளியே வந்து, "மத்ததை ஏன் சொல்லலே?" என்று கேட்டேன்.

"அதான் எல்லாரும் சொல்லிட்டாங்களே. இதை ஒருத்தரும் சொல்லலே."

நான் "குற்றம்" பக்கத்தைக் கிழிக்கவில்லை. தலைப்பை மட்டும் அடித்தேன். புதுத் தலைப்பு இன்னும் எழுதவில்லை.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நேற்று முன்தினம் தபால், பாவாடையைச் சின்னதாக்க அம்மாவிடம் வந்தாள். அம்மாவின் மெஷின் ஒரு மாதமாக மக்கர். தையல் விட்டு விட்டு விழுகிறது, சீருடை ஆர்டர் எல்லாம் நிற்கிறது. அம்மா மெஷினைத் திட்டிக்கொண்டே இருந்தாள். நடுவில், "அவ கை பட்டா ஒரே நிமிஷத்துல வழிக்கு வந்துடும் இது" என்றாள்.

"யார் கை ஆன்ட்டி?" என்றாள் தபால்.

"இவ அத்தை. மெஷினுக்குன்னே பொறந்தவ." சொல்லிவிட்டு அம்மா நூலைப் பல்லால் கடித்தாள்.

வாசலில் தபால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தைக்கு எழுதுவியா இதை?"

"அம்மா சொல்லச் சொல்லலையே."

"சொல்லாதேன்னும் சொல்லலையே."

அத்தை, இரண்டு வருஷமாக உங்கள் கடிதங்களில் அம்மா இல்லை, அம்மாவின் பேச்சில் நீங்கள் இல்லை. அப்பாவைக் கேட்டால், "ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை இழுக்காதே தாயே, நான் பம்ப் ஹவுஸுக்குப் போறேன்" என்று கிளம்பிவிடுகிறார். எனக்குக் காரணம் தெரியாது. ஆனால் அம்மா சொன்னது மேலே இருப்பதுதான். ஒன்றும் சேர்க்கவில்லை.

அன்புடனும் கொஞ்சம் பயத்துடனும்,
உங்கள் அண்ணன் மகள்

செப்டம்பர் 22

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் சுகம். நீங்கள்? என் கடிதம் வந்ததா? ஐந்து வாரம் ஆகிறது. நான் எழுதியது தப்பாக இருந்தால் திட்டியாவது எழுதுங்கள். சும்மா இருக்காதீர்கள்.

சாட்சிக்கு இரண்டு தடவை ஆகிவிட்டது. மூன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தபாலுக்குக் காய்ச்சல், மூன்று ஞாயிறாக வரவில்லை. அவள் வராத சபையில் எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து அப்படியே எழுந்து போகிறார்கள்.

உங்கள் அண்ணன் மகள்

அக்டோபர் 6

என் வாத்தியாரம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நான்கு முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அண்ணி என் கையைப் பற்றிச் சொன்னதை வேறு யார் எழுதியிருந்தாலும் எனக்கு ஆறுதலுக்காக இட்டுக்கட்டியது என்று மடித்து வைத்திருப்பேன். நீ இல்லாததை எழுத மாட்டாய். அதனால்தான் தூக்கம் வரவில்லை.

தையல் விட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்ற வேண்டும். ஊசியின் தட்டைப் பக்கம் சரியாகப் பொருந்தி, மேலே முட்டும்வரை ஏறியிருக்க வேண்டும். அடிநூல் இருக்கிற பாபின் கேஸைக் கழற்றி, உள்ளே சேர்ந்த பஞ்சைச் சின்ன பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். நூலை இறுக்குகிற டென்ஷன் ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம். இதை அண்ணியிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே. ஏதோ புத்தகத்தில் படித்ததாகச் சொல். நேரில் வந்து பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஒருவரை அவர் வீட்டிலேயே விருந்தாளி ஆக்கிவிட்டு வருகிற பாவத்தை இன்னொரு தடவை செய்ய மாட்டேன்.

தபாலின் காய்ச்சல் எப்படி இருக்கிறது?

அத்தை

அக்டோபர் 17

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கத் தகுதியில்லாதவளாக எழுதுகிறேன். ஆனாலும் நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

"விருந்தாளி" என்ற சொல்லைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அது அம்மாவின் சொல். நீங்கள் விடுமுறை முடிந்து கிளம்பிய அன்று சமையலறையில் சொன்னது. அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். அப்படியானால் உங்களுக்குச் சொன்னது நான்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. "இன்று நம் வீட்டில்" என்று தலைப்புப் போட்டு உங்களுக்குச் செய்தி எழுதுவேனே, அதில் எழுதினேன். இன்று அப்படியே நினைவு வருகிறது. "கேக்காம என் மெஷினைப் பிரிச்சுப் போட்டா. அது என் கைக்குப் பழகின மெஷின். பத்து நாள் வந்து தங்கி என்னை என் வீட்டுலயே விருந்தாளி ஆக்கிட்டுப் போயிட்டா."

ஒரு சொல் தப்பில்லை. அதற்காக அன்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அத்தை, அன்று சாயங்காலம் அம்மா தலையணை உறை தைக்க உட்கார்ந்தாள். மெஷினை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, "சும்மா சொல்லக் கூடாது. புதுசா வாங்கின அன்னிக்குக்கூட இது இப்படி ஓடலே" என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அதை எழுதவில்லை. தாளும் முடிந்திருந்தது, அது செய்தி இல்லை என்றும் நினைத்தேன்.

தபால் பாதியை விடுகிறாள் என்று குற்றம் எழுதினேன். நானும் பாதியை விட்டிருக்கிறேன். அவள் விட்டதால் இரண்டு பேர் பேசினார்கள். நான் விட்டதால் இரண்டு பேர் பேசவில்லை.

மூன்றாவது தடவை எது என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆகஸ்ட் 16, எங்கள் வீட்டு வாசல், உங்களுக்கு எழுதும்படி தபால் என் கையைப் பிடித்த நாள். அதைச் சொன்னால்தான் தபால் எழுந்து நிற்க முடியும். ஆனால் அதைச் சொல்வதென்றால் என் பழைய கடிதத்தையும் சொல்ல வேண்டும். அம்மா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு இது தெரியாது.

ஊசி விஷயம் சொன்னேன். "எந்தப் புத்தகத்துல?" என்று கேட்டாள் அம்மா. எனக்குப் பொய் வரவில்லை. "எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள். ஆனால் ஊசியை மாற்றிவிட்டாள்.

மன்னிப்பு கேட்டு,
உங்கள் அண்ணன் மகள்

நவம்பர் 3

என் கண்ணே,

உன் கடிதம் வந்த அன்று நான் அழுதேன் என்று எழுத மாட்டேன். நீ அதையும் தேதி போட்டு நோட்டில் ஏற்றிவிடுவாய்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டது நான். ஒரு தாள் எடுத்து, "அண்ணி, இப்படிச் சொன்னீங்களா?" என்று கேட்டிருக்கலாம். இருநூறு மெஷினுக்கு முன்னால் கூச்சமில்லாதவளுக்கு ஒரு தாளுக்கு முன்னால் வந்தது கூச்சம். அது என் பங்கு. அதை நீ சுமக்காதே.

சபை முன்னால் அதைச் சொல்ல வேண்டாம். அண்ணிக்குத் தலைகுனிவாகும், உனக்கும் அடி விழும். தபாலுக்கு மூன்றாவதாக வேறொன்று கிடைக்கும், தேடு.

உன்னை விட்டுக்கொடுக்காத,
அத்தை

நவம்பர் 24

அன்புள்ள அத்தைக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் பேச்சைக் கேட்கவில்லை, முதலில் அதற்கு மன்னிப்பு.

வேறு தேடினேன், அத்தை. தபால் போகிற இடமெல்லாம் போனேன். கிடைத்ததெல்லாம் காதால் கேட்டவை, கண்ணால் பார்த்தது இல்லை. மூன்றாவதை மறைத்தால் அவள் உட்கார்ந்தே இருக்க வேண்டும். காரணம் எனக்கு மட்டும் தெரியும். அப்புறம் எனக்கு நோட்டு எதற்கு?

இன்று அதனால் எழுந்தேன். ஒயரைச் சொன்னேன், மைக் மாமா தும்மினார். கேக்கைச் சொன்னேன், போதகர் வீட்டுக் குட்டி அவள் அம்மாவின் புடவைக்குள் ஒளிந்தாள். அப்புறம், "மூன்றாவது எங்கள் வீட்டில்" என்றேன். "அம்மா சொன்ன ஒரு வார்த்தையை, அவளைக் கேட்காமல், இரண்டு வருஷம் முன்னால் நான் ஒரு கடிதத்தில் எழுதினேன். அதனால் வீட்டில் ஒரு பேச்சு நின்றுபோனது. அதே நாளில் அம்மா சொன்ன நல்ல வார்த்தையை எழுதாமல் விட்டேன். எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இவளுக்குத் தெரிந்தது. எங்கள் வாசலில் நின்று எனக்கும் சொன்னாள்." இவ்வளவுதான் சொன்னேன். என்ன வார்த்தை என்று சொல்லவில்லை. அம்மாவைப் பார்க்கவும் இல்லை.

"இந்த வரத்துக்குப் பேர் என்ன?" என்றார் டீச்சர். "பட்டியல்ல இல்ல டீச்சர். எதை எடுத்துட்டுப் போகணும்னு தெரியற வரம்" என்றேன். டீச்சர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துச் சுவரில் தொங்கிய பட்டியலில் கடைசி வரியாக எழுதினார்.

தபாலை எழுந்து நிற்கச் சொன்னார்கள். எழுந்தாள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை, அத்தை! சபையே காத்திருந்தது. "என்னம்மா, இன்னிக்குத் தபால் லீவா?" என்று எலெக்ட்ரீஷியன் மாமா கேட்டதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவள் மட்டும் அழுதாள். நான் வகுப்பில் எத்தனையோ பரிசு வாங்கியிருக்கிறேன். அவள் நின்ற அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமை எதிலும் இருந்ததில்லை.

என் சீட்டு எங்கள் ஞாயிறு வகுப்பின் தூங்குமூஞ்சி அக்காவிடம் இருந்திருக்கிறது. அவள் இரண்டு தடவைதான் பார்த்தாளாம். மூன்றாவதன்று தூங்கிவிட்டாளாம். அதனால் என்னை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். ஒன்றும் வருத்தமில்லை. (கொஞ்சம் இருக்கிறது.)

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா எங்களுக்குப் பத்தடி முன்னால் வேகமாக நடந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா முகம் கழுவி, மெஷின் முன்னால் உட்கார்ந்து, "பேப்பர் எடு" என்றாள். எடுத்தேன். "நான் சொல்றதை எழுது. நீ பாட்டுக்கு விட்டுடாதே" என்றாள். இனி வருவதெல்லாம் அம்மா சொன்னது. என்னிடம் சொல்லத் தொடங்கியவள் பாதியில் என்னை மறந்து உங்களிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் எதையும் திருத்தவில்லை.

"அவளுக்கு எழுது. கேக்காம மெஷினைப் பிரிச்சது தப்பு. இன்னிக்கும் தப்புன்னுதான் சொல்லுவேன். எந்த வார்த்தைன்னு இவ சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். விருந்தாளின்னு சொன்னேன், சொல்லலேன்னு சாதிக்க மாட்டேன். கோவத்துல சொன்னேன். சாயங்காலமே அது போயிடுச்சு. கோவம் வந்தது உனக்குத் தெரிஞ்சுது, போனது தெரியலே. நீ ஏன் எழுதலேன்னு ரெண்டு வருஷமா இந்தப் பொண்ணு கடிதம் வாசிக்கிறப்பல்லாம் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஸ்பானர் கதை கேட்டேன். அந்த ஆளு காலை எடுத்தானா, அதை நீ எழுதவே இல்லையே? ஊசி மாத்தினேன். பஞ்சு எடுத்தேன். உள்ளே இவ்வளவு பஞ்சு! இப்ப தையல் விழுது, ஆனா ஒரு சத்தம் வருது, டக்கு டக்குன்னு. உங்க அண்ணனுக்குக் கேக்கலையாம், பம்ப் ஹவுஸ் காது. உனக்குக் கேக்கும். லீவு எப்பன்னு எழுது. வந்து முழுசாப் பிரிச்சுப் போடு, நான் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பாக்கறேன். பத்து நாள் பத்தாது."